ஸ்டூடியோக்காரர் கண்ட பூச்சி

விஜயலெட்சுமி மவுஸை மேசையின் ஓரம் வரை தள்ளிக்கொண்டே போய், அதற்கு மேல் இடமில்லாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸல்மாவைப் பார்த்தாள். நான்கு நாளாக இதே கூத்துதான். தூக்கித் திரும்ப நடுவில் வைத்தால் போதும் என்று ஸல்மாவும் நான்கு நாளாகச் சொல்கிறாள். தூக்கினால் அம்புக்குறி கீழே விழுந்து தொலைந்துவிடும் என்று விஜயலெட்சுமிக்கு ஒரு பயம்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஸல்மா கொமினிகேஷன் கடை வைத்திருந்தாள். வெளிநாட்டுக்குப் பேச இரண்டு கண்ணாடிக் கூண்டு, ஒரு ஃபோட்டோ கொப்பி மெஷின், மூலையில் இன்டர்நெட் உள்ள ஒரேயொரு கொம்பியூட்டர். நோயாளிகளைப் பார்க்கப் பன்னிரண்டிலிருந்து ஒன்று, ஐந்திலிருந்து ஆறு. மற்ற நேரத்தில் வார்டு வாசலில் நிற்கிற காவல்காரரிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது. அந்த வெட்டிப் பொழுதில்தான் விஜயலெட்சுமி இங்கே வந்து பூச்சி தேடினாள்.

உள்ளே வார்டில் படுத்திருப்பவர் அவள் புருஷன் இராசையா. ஹாலிஎலையில் விஜயா ஸ்டூடியோ என்றால் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துக்கெல்லாம் தெரியும். இருபத்தேழு வருஷமாகக் கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் படம் எடுத்தவர். வெயிலில் கொழுந்து பறித்துக் கறுத்த பெண்களை ஆல்பத்தில் மட்டும் சிவப்பாக்கிக் கொடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஃபிலிம் காலத்தில் அந்த வேலையில் பாதி விஜயலெட்சுமியுடையது. மெல்லிய தூரிகையால் முகத்திலுள்ள தழும்பு, பரு எல்லாவற்றையும் அவள்தான் மறைப்பாள்.

நிறம் பூசிக் கொடுப்பவர் என்ற அந்தப் பெயர்தான் அவருக்கு வினையாகப் போனது. மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் வத்தாளங்கிழங்குக் கொடியில் ஒரு சின்னப் பூச்சியைக் கண்டார். அரைச் சுண்டுவிரல் நகம் அளவு. உருக்கி ஊற்றிய தங்கம் மாதிரி நிறம். புது டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தார். பூச்சியைப் பிடித்து ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடினார். சாயந்தரம் கடைத்தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்து டப்பாவைத் திறந்தால், உள்ளே செம்மண் நிறத்தில் ஏதோ ஒன்று செத்துக் கிடந்தது. கொம்பியூட்டர் திரையில் காட்டிய படத்திலோ தகதகவென்று தங்கம்.

பக்கத்து ஸ்டூடியோ அழகையாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பொண்ணுங்களுக்குப் பவுடர் பூசினது பத்தாதென்று இராசையா இப்போது பூச்சிக்கும் பூச ஆரம்பித்துவிட்டார் என்றார். கடைத்தெருவே சிரித்தது. விஜயலெட்சுமியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியபோது புருஷன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அதன் பிறகு அவர் பூச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்து, கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் வாய் திறந்தார். காய்ச்சல் மயக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அது பொய்யில்ல விஜயா," என்றார். மறுநாளும் அதையே சொன்னார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் விஜயலெட்சுமி முதன்முதலாக ஸல்மாவின் கடைப்படி ஏறினாள். அவர் போவதற்குள் அந்தப் பூச்சி மெய்தான் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு முதலில் அவளுக்கே அது மெய் என்று தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் யாரோ பூச்சிப் பைத்தியங்கள் கூடி நடத்துகிற படத்தளம் ஒன்றை ஸல்மா தேடிக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் பூச்சிகளெல்லாம் கறுப்பு நிழலாக நின்றன. ஒரு நிழலைத் தொட்டால் அதன் குடும்பம் திறந்தது. குடும்பத்தைத் தொட்டால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு படமும் தலையிலிருந்து கால்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதல் நாள் வழி தவறிச் சிலந்திகளிடம் போய்ச் சிக்கிக்கொண்டாள். மேலே இடப்பக்கம் பார்க்கும் அம்பை அழுத்தினால் வந்த வழியே திரும்பலாம் என்று இரண்டாம் நாள் பழகிக்கொண்டாள். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடினால் இமைக்குள்ளே இறக்கைகள் மிதந்தன. பச்சை, ஊதா, கண்ணாடி போன்றவை. அவற்றின் நடுவே தானும் எடையில்லாமல் போய்க்கொண்டிருப்பதாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் வார்டும் மருந்து வாடையும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததே குற்றமாகவும் இருந்தது.

ஆனால் தங்கத்தைத்தான் காணோம். ஸ்டூடியோவில் புடவையின் நிறம் பார்த்தே பின்திரை தேர்ந்தெடுத்துப் பழகியவள் பூச்சியையும் நிறத்தை வைத்தே தேடினாள். மஞ்சள் கண்ட இடமெல்லாம் தொட்டுப் பார்த்தாள். மங்கலாகக் கிடந்தவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்போது, மவுஸைத் தூக்கிப் பிடித்திருந்த இந்த நேரத்தில், அம்புக்குறி அப்படியே நின்றிருந்தது. நின்ற இடத்தில், தினமும் தாண்டிப் போன செம்மண் நிறப் பூச்சி ஒன்று. ஊசி குத்தி அட்டையில் வைத்திருந்தார்கள். உடம்பைச் சுற்றிக் கண்ணாடித் தட்டின் விளிம்பு மாதிரி ஓர் ஓரம். இது அவளுக்குத் தெரியும். டப்பாவில் செத்துக் கிடந்ததை அவளும் எட்டிப் பார்த்தவள்தானே. நான்கு நாளாக உயிரோடு இருப்பதைத் தேடியவளுக்குச் செத்ததைத் தேடலாம் என்று தோன்றவேயில்லை.

அழுத்தினாள். அடுத்த பக்கம் மெதுவாக இறங்கியது. முதலில் ஓர் இலை. பிறகு அதன்மேல் தங்கம்.

விஜயலெட்சுமி திரையைத் தொட்டுக் காட்டினாள். ஸல்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இங்கிலீஷைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

"ஆமை வண்டு மாதிரி ஒரு பேரு போட்டிருக்கு அக்கா. இது அமெரிக்காவுல உள்ளது, ஒங்கட பூச்சி இதுக்குச் சொந்தமாத்தான் இருக்கும். வத்தாள எலதான் தின்னுமாம். உசிரோட இருக்கக்குள்ளதான் இந்தத் தங்க நெறமாம். மவுத்தாப் போனா நெறமும் போயிருமாம்."

கலர் மை தீர்ந்து ஒரு மாதமாகிறது என்று சொல்லி, ஸல்மா அந்தப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்துக் கொடுத்தாள். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு விஜயலெட்சுமி ரோட்டைக் கடந்தாள். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. காவல்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் விட்டார்.

இராசையா விழித்துத்தான் இருந்தார். தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸல்மா வாசித்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நானும் சேந்து சிரிச்சேங்க. தப்புதான்."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் பிடித்தது.

"நான் கொஞ்சம் கூட்டினேன் விஜயா."

"என்னது?"

"கலர. கொம்பியூட்டர்ல போட்டுக் கொஞ்சம் கூட்டினேன். கேமராவுல சும்மா மஞ்சளாத்தான் விழுந்துச்சு. கண்ணால பாத்தது அப்படியில்ல. பாத்தபடி வரட்டும்னுதான்..."

விஜயலெட்சுமிக்கு அவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான்கு நாள் மவுஸோடு மல்லாடியது எல்லாம் இதற்குத்தானா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவரே கேட்டார்.

"அந்தப் படத்த எடுத்தது யாரு?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா பேரு போட்டிருக்காம்."

"அவங்களும் கூட்டித்தான் இருப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் இருட்டறையில் படம் கழுவும்போது சிரித்ததற்குப் பிறகு இப்படிச் சேர்ந்து சிரித்த நினைவு அவளுக்கு இல்லை. ஒரு மணிக்கு வார்டு நர்ஸ் மிஸ்ஸி வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். சாயந்தரம் வரும்போது மூக்குக் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார் அவர். அந்த வெள்ளைக்காரம்மா எப்படி எடுத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம்.

அவள் பஸ் ஏறி ஹாலிஎலைக்குப் போய் மேசை இழுப்பறையெல்லாம் கிளறிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குத் திரும்பியபோது, கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மூன்றரைக்கு உயிர் போய்விட்டது என்றாள் மிஸ்ஸி. கஷ்டப்படவில்லை, தூக்கத்தில்தான் என்றாள். விஜயலெட்சுமி சுருட்டிய மெத்தையின் பக்கத்தில் ஆறு மணி தாண்டியும் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தார் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ வீட்டு வாசலில் இராசையா எடுத்த படம்தான் அது. அழுகிறவர்களைக் கையைப் பிடித்து நகர்த்தி, ஒரு நிமிஷம் நிறுத்துங்கம்மா, தலையத் தூக்குங்க என்று சொல்லி எடுப்பார். இன்றைக்கு எடுக்க ஆளில்லையே என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது, கூப்பிடாமலே அழகையா கேமராவோடு வந்து நின்றார்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கையால் காட்டிக் காட்டி நிறுத்தினார். பெட்டியின் தலைமாட்டில் விஜயலெட்சுமி. பூவுக்கு நடுவே இராசையாவின் முகம் காலை வெயிலில் அப்படியே மஞ்சளாக இருந்தது. அழகையா கிட்டே வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"தங்கச்சி, மொகம் ரொம்ப மஞ்சளா விழும். பிரிண்ட் போடும்போது கொறச்சிரட்டுமா?"

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழகையாவைப் பார்த்தாள்.

"வேணாண்ணே. இருக்கிறபடியே போடுங்க." கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பூச்சி நெசந்தாண்ணே. நான் தேடிப் பாத்துட்டேன்," என்றாள்.

கலர் கூட்டிய மீதிக் கதையை அவள் சொல்லவில்லை. அது அவளுக்கும் இராசையாவுக்கும் நடுவில் உள்ளது.

அழகையா பின்னால் நகர்ந்து தன் இடத்தில் நின்றார். தப்பு மேளச் சத்தத்தை நிறுத்தினார்கள். எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். அவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார், இறக்கினார், சட்டை நுனியால் அதன் கண்ணைத் துடைத்தார். மறுபடி தூக்கினார். அப்போதும் மங்கலாகத்தான் தெரிந்தது; மறுபடி இறக்கித் துடைத்தார். வெயிலைப் பார்த்தபடி அத்தனை பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள்.