ஓரம் இல்லாத சட்டைகள்

கம்ப்யூட்டருக்கு அவள்மேல் எந்த விரோதமும் கிடையாது. தன்பாட்டுக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாகவே திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, இப்போதே புதுப்பிக்கலாமா, பிறகு நினைவூட்டவா என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளும் வேண்டாத விருந்தாளியை வாசலோடு அனுப்புவதுபோல, 'பிறகு' என்பதை அழுத்தி அழுத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்று காலை அது கேட்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதே திரை முழுக்க நீலமாக இருந்தது. புதுப்பித்தல் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று நடுவில் எழுதியிருந்தது.

அது ஒரு பெரிய தையல் ஆலை. மாடியில் கண்ணாடி அடைத்த சின்ன அறையில் அவளுக்கு வேலை. சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று ஒவ்வொரு துண்டின் வடிவமும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். துணி வீணாகாமல் அவற்றை நெருக்கி அடுக்கி, உண்மையான அளவிலேயே நீளத் தாளில் கோடுகளாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்கு மார்க்கர் என்று பெயர். கீழே நீண்ட மேஜையில் அடுக்கடுக்காய் விரித்த துணியின்மேல் அதைப் பரப்பி, கோட்டைப் பிடித்து மெஷினால் வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். அவர் அவளுடைய கணவர். மேலே பெண்டாட்டி கோடு போடுகிறாள், கீழே புருஷன் அதைத் தாண்டாமல் போகிறார் என்று ஆலையில் ஆளாளுக்குக் கேலி பேசுவார்கள். கேட்டுக் கேட்டு இருவருக்கும் அது உறைப்பதே இல்லை.

வெட்டுவதற்கு முன் மார்க்கரை மாஸ்டர் அளந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். யார் போட்ட மார்க்கராக இருந்தாலும் சரி. ஒரு கத்தியோட்டத்தில் நூற்றுக்கணக்கான சட்டைகளின் தலையெழுத்து முடிந்துவிடும். தப்பாக வெட்டினவர் மேஜையை விட்டு இறங்க வேண்டியதுதான், மறுபேச்சு கிடையாது. இவருக்கு முன்னால் மாஸ்டராக இருந்தவர் அப்படி இறங்கிப் போய் இன்றைக்கும் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார். இவருக்கோ மேஜை என்றால் உயிர். துணி மூட்டை சுமந்து, விரித்து, மடித்து, படிப்படியாக அந்த இடத்துக்கு வந்தவர். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வாங்குவதே பெரும்பாடு. வெட்டு சுத்தமாக விழுந்த நாளில் மட்டும் தானாக வாய் திறந்து, "இன்னிக்கு வெண்ணெய் மாதிரி போச்சு" என்பார்.

அன்றைக்கு வெட்ட வேண்டியது ஓர் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான சட்டைகள். அதற்கென்றே வெளிர்பச்சைச் சாயம் போட்டு ஒரே தடவையில் நெய்து வந்த துணி. மறுபடி கேட்டால் அதே நிறத்தில் கிடைக்காது. துணி காலையிலேயே மேஜையில் விரித்தாகிவிட்டது. மார்க்கர்தான் வரவில்லை.

தையல் பிரிவின் சூப்பர்வைசர் ஒரு பெண். இருந்த இடத்திலிருந்தே ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள் என்பதால் அவளுக்கு விசில் என்று பெயர். அவள் இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"அக்கா, என்னாச்சு? இங்க மெஷினெல்லாம் சும்மா ஈ ஓட்டிட்டு இருக்கு."

"அப்டேட் ஆகுது."

"எப்ப முடியும்?"

"அதைத்தான் நானும் பாத்துட்டு இருக்கேன்."

திரையில் சதவீதம் ஏறி, பாதி வழியில் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குப் போன் போட்டாள். அவன் வேறு கிளையில் இருந்தான். "அதுவா முடிஞ்சு அதுவா வரும்க்கா. பாதியில அணைச்சிடாதீங்க. எல்லாம் நல்லதுக்குத்தான் பண்றாங்க" என்றான். யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை. மேனேஜர் ஒருமுறை வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

ஒருவழியாகக் கம்ப்யூட்டர் எழுந்தபோது, கூடவே மார்க்கர் போடும் மென்பொருளும் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தது. வழக்கமாக இடப்பக்கம் இருந்த பட்டன்கள் வலப்பக்கம் போயிருந்தன. சில பட்டன்களைக் காணவே காணோம். இத்தனை காலம் குழைந்து குழைந்து வேலை செய்த பிரின்டர், உன்னை யாரென்றே தெரியாது என்று கம்ப்யூட்டரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் அதைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைப்பதற்குள் விசில் மேலும் நாலு தடவை கூப்பிட்டுவிட்டாள். பழக்கமில்லாத வீட்டில் இருட்டில் சமைக்கிறவள் மாதிரி தடவித் தடவித் துண்டுகளை அடுக்கி முடித்தாள். மார்க்கர் எப்போதும் வருவதைவிட நீளம் குறைவாக வந்தது. புதுசு இன்னும் நெருக்கி அடுக்குகிறது போல என்று நினைத்தாள். இவ்வளவு பாடு படுத்தினதற்கு இதையாவது செய்ததே என்று ஒரு சின்னத் திருப்தி வேறு. தாளைச் சுருட்டிக் கீழே அனுப்பிவிட்டு அடுத்த ஆர்டருக்கு உட்கார்ந்தாள். பிரின்டர் மறுபடியும் முறைத்துக்கொண்டது.

அப்போதுதான் மாஸ்டர் மேலே வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கணும்."

அவள் திரும்பவில்லை. "இப்ப எதையும் கேக்காதீங்க. காலைலேருந்து ஆளாளுக்குக் கேட்டே என் உசுர வாங்கிட்டாங்க. வெட்டறதுக்குத்தானே கொடுத்தேன், போய் வெட்டுங்க."

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கழுத்திலிருந்த டேப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு "சரி" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

இது புதிதில்லை. வீட்டிலும் இப்படித்தான். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டால் வள்ளென்று விழுவாள். ஏதாவது வாங்கணுமா என்று கேட்டால், தெரியாதா உங்களுக்கு என்பாள். அவள் கெட்டவள் இல்லை. நாள் முழுக்கப் பிழை வராமல் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வரும்போது அவளிடம் பொறுமை மிச்சம் இருக்காது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று கண்டுபிடித்திருந்தார். அந்த அமைதி அவளுக்கும் பழகிவிட்டது, நல்ல குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள்.

மதியத்துக்குமேல் விசில் நேராக மாடிக்கே வந்தாள். கூப்பிடாமல் வந்ததே வினோதம். கையில் ஒரு வெளிர்பச்சைச் சட்டை. அதை மேஜையில் வைத்து, "அக்கா, இது இருக்கறதிலேயே பெரிய அளவு. எனக்கே தோள்ல ஏற மாட்டேங்குது" என்றாள். விசில் ஒல்லியான பெண்.

அவள் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தையல் சரியாக இருந்தது. கழுத்து சரியாக இருந்தது. மொத்தமும் சுருங்கியிருந்தது. துணியைத் தைக்கும்போது உள்ளே மடிந்து போவதற்காக எல்லாத் துண்டுகளையும் சுற்றி ஒரு விரலகலம் ஓரம் விட்டு வெட்ட வேண்டும். அந்த ஓரத்தை மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் ஓரம் எவ்வளவு என்ற எண்ணைப் போட்டு வைத்தவள், அதற்குப் பிறகு அதைப் பார்த்ததே இல்லை. இப்போது தேடிப் போய்ப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. புதுப்பித்தல் அவள் போட்டு வைத்ததையெல்லாம் துடைத்துவிட்டு, தன் வழக்கப்படி பூஜ்யத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது. மார்க்கர் நீளம் குறைந்தது அதனால்தான்.

"எல்லாம் வெட்டியாச்சா?"

"எல்லாம் வெட்டியாச்சுக்கா."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. காலையில் அத்தனை கோபத்தையும் ஒரு நீலத் திரைமேல் கொட்டித் தீர்த்தாகிவிட்டது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாஸ்டர் நின்றிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அளக்கலையா நீங்க?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் தானாகவே வந்தது.

"அளந்தேன்."

"அளந்தா தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது. எல்லாத் துண்டும் ஒரு விரல் குறையுது. அதைக் கேக்கத்தான் மேல வந்தேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார். அது அப்படியும் சொட்டியது.

"இது வேற துணி, இழுபடுமோ என்னவோ, நீ தெரிஞ்சுதான் குறைச்சிருப்பன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். "துணி வேற விரிச்சுக் கிடந்துச்சு. கீழ எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க."

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாமே."

உள்ளிருந்து அழைப்பு மணி அடித்தது.

மேனேஜர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வெளிர்பச்சைச் சட்டையைத் தன் முன்னால் விரித்து வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாஸ்டர், மார்க்கரை அளந்தீங்களா?"

"அளக்கல சார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?"

"எப்பவும் சரியாத்தான் இருக்கும். அதனால பாக்கல."

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தீர்மானித்தவர்போல இருந்தது அது. பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

"அப்டேட்ல எல்லாம் மாறிடுச்சு சார். நான் எதையும் மாத்தல."

"அது மெஷின்மா. அதுக்கு என்ன தெரியும். அதுக்காகத்தானே கீழ ஒரு மனுஷன நிறுத்தி வெச்சிருக்கோம்."

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அவர் அளந்தார், என்னிடம் வந்தார், நான்தான் விரட்டினேன். வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. சொன்னால் அவருக்கு மேஜை மிஞ்சலாம். அவள் வாயைத் திறந்தாள். மேனேஜர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் மேஜை விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முகத்தைத் திருப்பியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பயந்தாளா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. மரத்துப்போன வாய் அசையவில்லை, அவ்வளவுதான்.

நாளை முதல் மாஸ்டர் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். அவளுக்கு எச்சரிக்கை மட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேறு இல்லை. மாஸ்டர் "சரி சார்" என்று சொல்லி, கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருட்டி மேனேஜரின் மேஜைமேல் வைத்தார். அது ஆலைக்குச் சொந்தமானது. வெட்டும்போது கையில் மாட்டிக்கொள்ளும் இரும்பு வலைக் கையுறையையும் வைத்தார்.

அவள் மாடிக்குப் போய்ப் பூஜ்யத்தை அழித்துவிட்டுப் பழைய எண்ணைப் போட்டாள். அடுத்த மார்க்கரை முடித்தாள். அது பிழையே இல்லாமல் வந்தது. வேலை முடியும்வரை ஒரே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது: என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைக் கொடுத்துவிட்டார். அது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒருவருக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றி வர வேண்டிய இடத்தைத் தொட்டும் பார்த்தாள். அதுவும் மரத்துத்தான் கிடந்தது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஆலை ஆட்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். இன்று யாரும் கேலி பேசவில்லை.

"எனக்காக ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"எப்படி?"

"அளக்கலன்னு. அளந்தேன்னு சொல்லியிருந்தா தப்பு என்மேல வந்திருக்கும். உங்க மேஜை உங்ககிட்டயே இருந்திருக்கும்."

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். "உனக்காகச் சொல்லல" என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"அளந்தேன்னு சொன்னா, குறையுதுன்னு தெரிஞ்சும் ஏன்யா வெட்டினன்னு கேப்பாங்க. எம்பொண்டாட்டிகிட்ட இன்னொரு தடவ போய்க் கேக்க பயமா இருந்துச்சுன்னு அவர் முன்னாடி எப்படிச் சொல்றது? இதுக்கு அளக்கலன்னு சொல்றதே தேவலாம்னு தோணுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. துணியின் அளவைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. அவர் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டார். இத்தனை வருஷத்தில் வேறு என்னவெல்லாம் என்னிடம் கேட்காமல் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அவர் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. அவள் கேட்கவில்லை.