பதினெட்டு நாள் தண்ணீர்

விடிவதற்கு முன்பே பாய்லர் அறையில் வியர்வை ஆரம்பித்துவிடும். புது பாய்லர்காரர் நீளக் கம்பியால் நேற்றைய சாம்பலைக் கிளறி வெளியே இழுத்தார். இரண்டு பெண்கள் விறகுக் கட்டைகளைத் தோளில் சுமந்து வந்து போட்டார்கள். ஒவ்வொரு கட்டை விழும்போதும் தகரக் கூரை அதிர்ந்தது. அரை மணியில் நீராவி போகவில்லையென்றால் சாயத் தொட்டிகள் சூடாகாது. மேலாளர் வந்து கத்துவார்.

சொட்டு ஓரமாக நின்று குடுவையில் தண்ணீர் பிடித்தாள். வேதியியல் படித்தவள். ஆலையில் தண்ணீர்ப் பரிசோதனை அவள் வேலை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுவதால் அந்தப் பெயர். சிட்டிகைப் பொடியைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் மாதுளைச் சாறுபோல் சிவந்தது. நல்ல தண்ணீர் என்றால் நீலமாகியிருக்கும். சிவப்பு என்றால் சுண்ணாம்பு. அது பாய்லர் குழாய்களில் ஓடுபோலப் படியும். சூடு தாங்காமல் குழாய் ஒரு நாள் வெடிக்கும்.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. புது ஆளுக்குக் கேட்கத் தெரியாது.

பழைய பாய்லர்காரர் கேட்பார். ஆலையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன சொட்டு, வானம் என்ன கலரு?" என்பார். "நீலம்ணா." அதன் பிறகுதான் குச்சியைக் கிழிப்பார்.

ஆறு மாதத்துக்கு முன், ஒரு பன்னிரண்டாம் தேதி காலையிலும் அவள் "நீலம்ணா" என்றாள். அன்று அவள் குடுவையைத் தொடவே இல்லை. தண்ணீரின் சுண்ணாம்பை நீக்கும் உப்பு நாலு மாதமாக வரவில்லை. சோதித்தால் சிவப்புதான் வரும் என்று தெரியும். பதிவேட்டிலோ அந்த மாதம் முழுவதற்கும் முதல் தேதியன்றே எழுதியாகிவிட்டது. ஆய்வாளர் எந்த நேரமும் வருவார், புத்தகம் காலியாக இருக்கக் கூடாது என்பது ஆலையின் வழக்கம். மூன்று பேனாவை மாற்றி மாற்றி முப்பது வரி, முப்பது 'சரி', முப்பது கையெழுத்து.

ஏழரை மணிக்குக் குழாய் வெடித்தது. அண்ணன் உலைவாய்க்கு எதிரே நின்றிருந்தார். அன்றைக்கே ஆலைக்குச் சீல் வைத்து, பதிவேட்டை எடுத்துப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் திறந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் கேன்டீன் ரேடியோவில் நாடாளுமன்றம் ஓடியது. மடிப்பு அக்கா பேசினார். இதே ஆலையில் பதினோரு வருடம் துணி மடித்தவர், இப்போது உறுப்பினர். நாலு மாதம் உப்பு வாங்காத ஆலையில் அமைச்சரின் துறை என்ன ஆய்வு செய்தது என்று கேட்டார்.

அமைச்சர் குரலில் அவசரமே இல்லை. "உறுப்பினர் துணி மடிச்சுப் பழகினவங்க. உண்மையையும் மடிச்சு அடுக்கப் பார்க்கிறாங்க." சபையில் சிரிப்பு. "அந்த மாசம் முப்பது நாளும் தண்ணீர் சோதனை நடந்திருக்கு. முப்பது பதிவும் என் கையில இருக்கு. எழுதினவர் ஒரு வேதியியல் பட்டதாரி. விபத்துக்குக் காரணம் இறந்துபோன ஆபரேட்டரோட கவனக்குறைவு."

அக்கா மேலே ஏதோ கேட்க எழுந்தார். நேரம் முடிந்தது என்று அவைத்தலைவர் உட்கார வைத்தார்.

கேன்டீனில் எல்லோரும் தேநீரைப் பார்த்துக் குடித்தார்கள். யாரும் சொட்டுவைப் பார்க்கவில்லை. மடிப்புப் பகுதியில் வேலை செய்யும் அண்ணி, அண்ணனின் மனைவி, தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

முதலாளி சொட்டுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் சார்."

"சபையிலயே உன்னைப் பத்திப் பேசிட்டாங்க. எனக்கே பெருமையா இருக்கு."

"சார், தண்ணி இன்னைக்கும் சிவப்பாத்தான் இருக்கு."

"உப்பு அடுத்த வாரம் வந்துடும்."

"எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் சார்?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "வாய் நீளுதே. அந்தக் கையெழுத்து யாரோடது, என்னோடதா? கிளறினா முதல்ல உள்ள போறது நீதான். வீட்ல அம்மாகிட்ட கேட்டுட்டுப் பேசு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆறு மாதமாக அவளைத் தூங்க விடவில்லை.

மடிப்புப் பகுதியில் அண்ணி ஒரு பெரிய விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு ஆள் தேடினாள். சொட்டு போய்ப் பிடித்தாள். இழுத்து, உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முனைகள் சேர்ந்தபோது சொட்டு சொன்னாள்:

"அன்னைக்கு நான் டெஸ்டே பண்ணல அண்ணி. அண்ணன் கேட்டாரு. நீலம்னு சொன்னேன்."

அண்ணி துணியை விடவில்லை. விரல்கள் வெளுக்கும் வரை பிடித்திருந்தாள்.

"ஆஸ்பத்திரில மூணு நாளும் இதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு, நான் என்ன தப்பு பண்ணேன்னு." துணியை அடுக்கில் வைத்தாள். "எங்கிட்ட அழுது உன் பாரத்தை இறக்கிக்காத. அவர் மேல எந்தச் சபையில பழி போட்டாங்களோ அங்க போய் இறக்கு."

சாயங்காலம் அவளே கூட வந்தாள். டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் மடிப்பு அக்காவின் அலுவலகம். சொட்டு பேசி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"முப்பது வரியும் ஒரே நாள்லயா?"

"ஆமாக்கா. முதல் தேதி."

"வெடிச்சது பன்னெண்டு." அக்கா எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "அமைச்சர் முப்பதையும் எண்ணியிருக்காரு. தேதியைப் பார்க்கல. கேட்டுட்டு இருந்த நானும்தான் பார்க்கல." பிறகு மெதுவாக, "இதை நான் கேட்டா உன் பேரும் வரும். உன்னையும் விசாரிப்பாங்க. நான் காப்பாத்திடுவேன்னு சொல்ல மாட்டேன்."

"வரட்டும்க்கா. வரணும்."

"தீயணைப்புப் பயிற்சிக்கு வந்தேன்னு நான் அங்க பன்னெண்டு கையெழுத்து போட்டிருக்கேன்," என்றார் அக்கா. "அந்த சிலிண்டரை ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. நீ மட்டும்னு நினைச்சுக்காத."

அவள் மட்டுமில்லை என்பது மறுநாள் ஆலை வாசலில் தெரிந்தது. அக்கா எழுதித் தந்த வாக்குமூலத்தில் சொட்டு கையெழுத்துப் போட்டதும், சாயத் தொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "முகமூடி வாங்கிக்கிட்டதா நானும் வருஷம் தவறாம போடுறேன். முகமூடி கறுப்பா வெள்ளையான்னு தெரியாது." விறகுப் பெண் சிரித்தாள். "எனக்குக் கையுறை ரெண்டு ஜோடி குடுத்திருக்காங்களாம். என் கையைப் பாரு." சிரித்தபடியே பேனாவை வாங்கினாள். நாற்பத்தொரு பேர். எல்லோரும் அன்றைய தேதியைத்தான் போட்டார்கள்.

வியாழக்கிழமை ரேடியோவைச் சுற்றி நின்றார்கள்.

"அமைச்சர் முப்பது பதிவு காட்டினார்," என்றார் அக்கா. "பாய்லர் பன்னிரண்டாம் தேதி வெடிச்சது. அன்னைக்கே ஆலைக்குச் சீல் வெச்சது அமைச்சரோட துறை. மீதிப் பதினெட்டு நாள், சீல் வெச்ச ஆலைக்குள்ள, யார் போய் எந்தத் தண்ணியை எடுத்தாங்க?"

சபையில் யாரும் சிரிக்கவில்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எழுதினவங்க தன் தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. கூட நாற்பது பேர். செத்தவர் மேல போட்ட பழியை அமைச்சர் திரும்ப எடுத்துக்குவாரா?"

"விவரம் பெற்று... பதில் அளிக்கிறேன்." நாள் எதுவும் சொல்லவில்லை. அவைத்தலைவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

அண்ணி ரேடியோவை அணைத்தாள். சொட்டுவின் முகத்தைப் பார்க்காமல், தேநீர் டம்ளர் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் விடியும் முன் சாம்பல் இழுத்தாயிற்று. விறகு அடுக்கியாயிற்று. புது பாய்லர்காரர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு தயங்கினார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"என்ன சொட்டு, வானம் என்ன கலரு?"

அவள் குடுவையை விளக்குக்கு நேரே தூக்கினாள். கேட்டது வேறு குரல்தான். ஆனாலும் அண்ணனின் குரலுக்கும் சேர்த்தேதான் சொன்னாள்.

"சிவப்புண்ணா."

அவர் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். விறகுப் பெண்கள் கட்டைகளின் மேலேயே உட்கார்ந்தார்கள். சாயத் தொட்டியிலிருந்தும் மடிப்பிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். அண்ணி முன்னால் நின்றாள். மேலாளரின் செருப்புச் சத்தம் வேகமாக நெருங்கியது.

சொட்டு பதிவேட்டைத் திறந்து, அன்றைய ஒரு வரியை மட்டும் எழுதினாள்.