அறுபது கிலோ

கோடை மத்தியானத்தில் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரையும் முழுவதுமாகத் திருப்பி வைத்தான் பஹ்மன். பின்சீட்டில் ரப்பர் உடுப்புக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தான் மகன் காம்யார். பதினேழு வயது. காலையிலிருந்து பல்லில் தண்ணீர் படவில்லை. வாயில் ஊறுகிற கொஞ்சநஞ்ச எச்சிலையும் காலி பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தான். ஈரானில் மல்யுத்தத்துக்குப் பேர்போன ஜூய்பாரிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையின் இருபுறமும் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது.

"அப்பா, கண்ணாடிய கொஞ்சம் இறக்கேன்."

"இன்னும் அரைக் கிலோதான்டா. நாளைக்குத் தராசுல ஏறி இறங்கிட்டா கடலையே குடி, யாரு கேக்கப்போறா?"

மகன் சிரிக்கவில்லை.

காம்யார் அறுபத்தைந்து கிலோ பையன். அந்த எடைப் பிரிவில், ஊர்ப் பையன்களுக்கு மல்யுத்தம் சொல்லித்தரும் வஸ்தாது யதுல்லாவின் அக்கா மகன் நின்றான். அறுபதில் இடம் காலி. போன மாதம் பயிற்சிக்கூடத்துக்கு வந்த மருத்துவர், பையன்களின் வயிற்றிலும் முதுகிலும் தோலைக் கிடுக்கியால் கிள்ளி அளந்தார். முகத்தில் குழாய் மாட்டி ஓடவிட்டு மூச்சையும் அளந்தார். ஊரிலேயே நல்ல மூச்சு காம்யாருக்கு என்று சொன்னவர், அறுபதுக்கு இறக்கலாம் என்று வஸ்தாது சொன்னதும் மறுத்துத் தலையாட்டினார். "இவன் உடம்புல கரைக்கக் கொழுப்பே இல்ல. இதுக்கு மேல இறக்கினா சதையும் மூச்சும்தான் போகும்." யதுல்லா பஹ்மனைப் பார்த்தார். மகனும் அப்பனைத்தான் பார்த்தான். பஹ்மனின் காதுகள் இரண்டும் மல்யுத்தப் பாயில் நசுங்கிப் பணியாரம்போல உப்பியவை. அந்தக் காதுகளுக்கு ஊரில் மரியாதை உண்டு, பதக்கம்தான் கிடையாது.

"இறங்கிடுவான் வஸ்தாது," என்று சொன்னது அவன்தான்.

இறங்கினான். மறுநாள் தராசு அறுபதைத் தாண்டவில்லை. மாகாணத் தேர்வின் கடைசிப் போட்டியில் முதல் பாதி முழுக்க எதிராளியைக் கந்தல் துணிபோலப் புரட்டினான். பஹ்மன் தொண்டை கிழியக் கத்தினான். இரண்டாம் பாதியில் காம்யாரின் வாய் பிளந்தது. கை பிடிக்கப் போனது, பிடிக்கவில்லை. தரையில் போட்ட மீன்போல அவன் விலா எழுந்து எழுந்து தாழ்வதைக் கேலரியிலிருந்தே பார்க்க முடிந்தது. எதிராளி அவசரமே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியாக எடுத்தான்.

அந்த வாரமே, உடம்பு தேறுவதற்குள், மாகாணப் பயிற்சி முகாமுக்கு ஆளெடுக்கும் சோதனை ஓட்டம் வைத்தார்கள். காம்யார் பாதியில் ஓட்ட இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"மூச்சு இல்ல பஹ்மன். முகாமுக்கு வேணாம்," என்றார் யதுல்லா, தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"நீங்க இறக்கச் சொன்னதாலதானே வஸ்தாது..."

"நான் சொன்னேன். அப்பன் நீ. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உன் பிள்ளைய நான் கட்டியா இழுத்திருப்பேன்?"

வாசலில் நின்ற காம்யார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு நடந்தே போனான். அதன் பிறகு அப்பனோடு ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான். தானாக எதுவும் பேசவில்லை.

அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம், டிராக்டர் பழுது பார்த்துவிட்டுத் திரும்பும்போது, நெல்தாள் நிற்கும் வயலில் தெருப் பையன்கள் பந்து ஆடுவதைப் பார்த்து வரப்பில் நின்றான் பஹ்மன். காம்யாரும் ஆடிக்கொண்டிருந்தான். கன்னம் திரும்பப் பூசினாற்போல இருந்தது. மற்றவர்கள் களைத்துப்போய் ஒவ்வொருவராக உட்கார, அவன் மட்டும் ஈர மண்ணில் பந்தை ஓட்டிக்கொண்டு வயலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தான்.

"டேய், உக்காருடா! உன்னப் பாத்தாலே எங்களுக்கு மூச்சு வாங்குது!" என்று ஒருவன் கத்தினான்.

உதைத்த பந்து எகிறி வந்து பஹ்மனின் காலடியில் நின்றது. குனிந்து எடுத்தான். சேறு அப்பியிருந்தது. காம்யார் சற்றுத் தள்ளி, இடுப்பில் கை வைத்து, பந்தைக் கேட்காமல் நின்றான். அவன் மார்பு அமைதியாக ஏறி இறங்கியது.