இடது பக்கத்து மெழுகுவர்த்தி

நுழைவாயிலில் காவலாளி என் மனைவியின் பைக்குள் கையை விட்டு இரண்டு செல்போன்களை வெளியே எடுத்தார். ஒன்று அவள் தினமும் பேசுவது. மற்றது பட்டன்கள் தேய்ந்துபோன பழையது, மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு சுற்றியது.

"ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்கம்மா. உள்ள ஜெபம் பண்ணிட்டிருக்காங்க."

"இந்தப் பழசு மட்டும் இருக்கட்டும் சார். அது சத்தமே போடாது."

அவள் பொய் சொல்லவில்லை. மூன்று வருடமாக அது சத்தமே போட்டதில்லை. எங்கள் மகன் கப்பல் வேலைக்குப் போனபோது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த எண் அது ஒன்றுதான். அந்தக் கப்பல் புயலில் மூழ்கியது. கூட வேலை பார்த்தவர்களில் சிலருடைய உடல்கள் கிடைத்தன. அவனுடையது கிடைக்கவில்லை. கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னபோதும் உட்காராமல், நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நம்பினேன். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து இந்தப் போனுக்குத் தவறாமல் சார்ஜ் ஏறுகிறது, எங்கள் வீட்டுக் கதவுக்கு ராத்திரியில் தாழ்ப்பாள் கிடையாது. "தம்பி வந்து தட்டும்போது எனக்கு முழிப்பு வரலைன்னா?" என்பாள். தூக்கம் என்று ஒன்று வந்தால் அல்லவா முழிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

நாட்டிலேயே பெரிய ஆலயம் அது. எங்கள் ஊர்க் கோயில் பங்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தோம். கூட்டி வந்தவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் விசில் தொங்கும், வாயிலும் அதுவே வேலை செய்யும். "எல்லாரும் சீக்கிரம் பாத்துட்டு பஸ்ஸுக்கு வந்துடணும். ஆண்டவர் இங்கயேதான் இருப்பார், பஸ் இருக்காது" என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

நான் குழாய் வேலை செய்கிறவன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். இங்கே கூரையைப் பார்க்கக் கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. பீடத்துக்கு மேலே தங்க வண்ணத்தில் வானதூதர்களை வரைந்திருந்தார்கள். ஒரு தூதரின் இறக்கைக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு ஈரக்கறை. மழைத்தண்ணீர்க் குழாய் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய வீட்டுக்காரருக்கும் ஒழுகல் இருக்கிறது என்று எனக்கு அற்ப சந்தோஷம். கீழே ஜனங்கள் காதில் விளக்கம் சொல்லும் கருவியை மாட்டிக்கொண்டு தூணின் உயரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு புதுமணத் தம்பதி பீடம் பின்னால் தெரியும்படி நின்று சிரித்தார்கள். யாரோ ஒரு குழந்தை அழ, அந்த அழுகை மேலே போய் நாலு குழந்தைகள் அழுவதாகத் திரும்பி வந்தது. என் மனைவி எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பையை வயிற்றோடு அணைத்தபடி நடந்தாள்.

மெழுகுவர்த்தி விற்ற கன்னியாஸ்திரி எல்லோருக்கும் சொல்வதையே எங்களுக்கும் சொன்னார். "வலது பக்க ஸ்டாண்டு உயிரோட இருக்கறவங்களுக்கு. இடது பக்கம் இறந்தவங்களுக்கு. மாத்தி வெச்சிடாதீங்க."

எனக்கு இது முன்பே தெரியும். சொல்லப்போனால் இதற்காகத்தான் அவளைக் கூட்டி வந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அங்கே அவளால் முடியாது. இங்கே யாருக்கும் தெரியாது. இடது பக்கம் ஒரே ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டால் போதும், அப்புறம் ஊரில் அவன் பெயருக்கு ஒரு பூசை வைக்கலாம். நான் கதவைத் தாழிட்டுவிட்டு, உட்கார்ந்து அழலாம். இதுவரை எனக்கு அழ வழியில்லை. ஒருமுறை குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது துண்டோடு வாசலில் நின்றிருந்தாள். "யாரு செத்துட்டாங்கன்னு அழறீங்க?" என்றாள்.

"இடது பக்கம் போலாமா?" என்று இப்போது கேட்டேன். வழி கேட்பவன் போலத்தான் கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க போங்க. உங்க அப்பா அம்மாவுக்கு ஏத்துங்க."

சொல்லிவிட்டு வலது பக்கம் போனாள். நான் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு ஆலயத்தின் அகலம் முழுவதையும் கடந்து இடது பக்கம் போனேன். அங்கே கூட்டம் அதிகம், ஆனால் சத்தம் இல்லை. பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த யாருடையதிலிருந்தோ நெருப்பெடுத்துப் பற்றவைத்தேன். ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் அல்லவா. கப்பலுக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் சொன்னதே வாயில் வந்தது. "போய்ட்டு வாப்பா."

செத்தவனிடம் சொல்கிற பேச்சா அது? திரும்பினால் அவள் பின்னால் நின்றிருந்தாள்.

"யாருக்கு ஏத்துனீங்க?"

அப்பாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக்கொடுத்த பொய்தான்.

"தம்பிக்கு" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், மார்பில் அறைந்துகொள்வாள் என்று பயந்தேன். ஆனால் பையை என் கையில் கொடுத்தாள். குனிந்து, என் மெழுகுவர்த்தியை அடியில் பிடித்து மெதுவாகத் திருகி எடுத்தாள். அணைக்கவில்லை. மறு கையைச் சுடருக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு வலது பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

நடுக்கூடம் வெட்டவெளி மாதிரி விரிந்து கிடந்தது. ஜனங்கள் இது ஏதோ சடங்கு என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். கன்னியாஸ்திரி இருக்கையை விட்டு எழுந்து எங்களைப் பார்த்தார். வெளியே விசில் சத்தம் கேட்டது. "நில்லும்மா" என்று சொல்லத்தான் அவள் பின்னால் ஓடினேன். அப்போது யாரோ பெரிய கதவைத் திறந்தார்கள். காற்று நேராக உள்ளே வந்தது. சுடர் படுத்து நீலமாகிச் சுருங்கியது.

என்னை அறியாமல் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன். பையைத் தூக்கி மறைத்துப் பிடித்தேன். அணைஞ்சிடாதே, அணைஞ்சிடாதே என்று என் வாய் முணுமுணுத்தது. சுடர் தத்தளித்து மறுபடி நிமிர்ந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. உருகிய மெழுகு விரல் இடுக்கில் வழிந்து மணிக்கட்டில் வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. நான் காற்று வரும் பக்கமாக, அவளுக்கு இணையாக, பக்கவாட்டில் நடந்தேன். இன்னும் பாதித் தூரம் இருந்தது.