பேடும் டிஸ்க்கும் பழகும் வரை

அக்கா தன் காரிலிருந்து கழற்றிய பிரேக் டிஸ்க்கைப் பழைய துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்தாள். நான் வேலை பார்ப்பது கார் உதிரிபாகக் கடையில். பன்னிரண்டு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால்தான் நிற்கிறேன். டிஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தாள். எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். அவள் தெருமுனையில் திரும்பினாலே வியாபாரிகள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அளக்காமல் எதையும் நம்பமாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மாமாவின் உயரத்தைக்கூட அளந்து பார்த்திருப்பாள் என்று வீட்டில் கேலி செய்வோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சின்னக் காரை ரேஸ் மைதானத்துக்கு எடுத்துப் போவாள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் வந்து ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் இதென்ன கூத்து என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "போன மாசத்த விட சுத்துக்கு அரை செகண்ட் குறைஞ்சிருக்கு."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, நானும் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஏழாவது சுற்று. நீண்ட நேர்ப்பாதை முடிந்து வலப்பக்கம் வளையும் இடத்தில் அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. அக்கா கத்தவில்லை. கியரை இரண்டு படி இறக்கினாள், வளைக்கப் பார்க்காமல் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, காரை வளைவுக்கு வெளியே கொட்டியிருந்த சரளைக்கற்களுக்குள் விட்டாள். அடியில் ஆலங்கட்டி மழைபோலச் சத்தம். நான்கு சக்கரமும் புதைந்து கார் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"பெடல் கீழ போகலடா. கல்லு மாதிரி நின்னுச்சு. பிரேக் ஆயில் கொதிச்சிருந்தா தரை வரைக்கும் போயிருக்கும். பேடுதான் சூட்டுல கைவிட்டுருச்சு."

உயிர் பிழைத்த கணத்தில் ஒரு மனுஷிக்குக் காரணம் தேடத் தோன்றுகிறதே என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் உறைத்தது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அந்த பிரேக் பேடை எடுத்துக் கொடுத்தவன் நான். அட்டைப்பெட்டியில் தீப்பிழம்பு வரைந்திருந்ததைத் தவிர அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

மாமா நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அன்று சாயங்காலம் பம்பருக்குள் சிக்கியிருந்த சரளைக்கல் ஒன்றை விரலால் நோண்டி எடுத்துப் பார்த்தார். "பிரேக்க நம்ப முடியாத வண்டியில நான் ஏற மாட்டேன். நீயும் ஏறாத" என்றார். அதற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. சண்டை போட்டிருந்தால் அக்காவும் பதிலுக்குப் போட்டிருப்பாள். அவர் காரைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான் அவளை வாட்டியது.

அதனால்தான் இப்போது அவள் மேசைக்கு முன்னால் நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பழைய பாவத்தைக் கழுவிக்கொள்கிற வேகத்தில் கடையிலேயே மிகப் பளபளப்பான டிஸ்க்கை எடுத்து வைத்தேன். முகம் முழுக்க வரிசையாகத் துளை போட்டது.

"இத பாருக்கா. ஓட்டை வழியா காத்து போகும், சூடு இறங்கும். பார்க்கவும் ராஜா மாதிரி இருக்கு."

"ராஜா எத்தனை டிகிரி தாங்குவாரு?"

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் எழுதியிருக்கவில்லை. அவள் தன் பழைய டிஸ்க்கின் விளிம்பைக் காட்டினாள். சூட்டுக்கு நிறம் மாறும் பெயிண்ட்டில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு டிகிரியில் வெளுப்பது. போன மாதம் அளந்து பார்ப்பதற்காகவே அதே வகையில் புதுப் பேடு மாட்டி, வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்து, ஐந்தே சுற்று ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பச்சைக் கோடு முழுக்க வெளுத்திருந்தது. ஆரஞ்சு பாதி வெளுத்திருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது.

"அடக்கி ஓட்டினதுக்கே ஐநூத்தம்பதத் தொட்டிருக்கு. நீ குடுத்த பேடு நானூறுக்குள்ளதான் தாங்கும்."

குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. தராசு முள்ளைப் படித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு கேட்டாள், "இந்த ஓட்டை டிஸ்க்க டிராக்ல ஓட்டிட்டு யாராவது திருப்பிக் கொண்டாந்திருக்காங்களா?"

கொல்லைப்பக்கம் பழைய இரும்புக் குவியலில் ஒன்று கிடந்தது. எடுத்து வந்தேன். அக்கா டார்ச் அடித்தாள். துளைக்குத் துளை, தலைமுடி அளவுக்கு மெல்லிய விரிசல். சில இடங்களில் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கே ஓடியிருந்தது. எத்தனை பேருக்கு நான் அதை விற்றிருக்கிறேன்! ஒருநாளும் ஒன்றின்மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்ததில்லை.

விடாமல் அடுத்த பெட்டியை வைத்தேன். முழுக்க முழுக்க ரேஸுக்கென்றே செய்த பேடு. "இது எழுநூறு தாங்கும். பெட்டியிலயே போட்டிருக்கு."

"சரி. முன்னூறுக்குக் கீழ எப்படிப் பிடிக்கும்?"

"அது... சூடாகணும்."

"நான் தினமும் ஆபீஸுக்கும் இதே கார்லதான் போகணும். முக்குல ஸ்கூல் இருக்கு. பேடு சூடாகுற வரைக்கும் பிள்ளைங்க ரோட்ட கடக்காம காத்திருக்குமா?"

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது பக்கத்து அலமாரியில் தூசி படிந்து கிடந்த, படமே இல்லாத வெள்ளைப் பெட்டி. ஆறிய நிலையிலும் பிடிக்கும், அறுநூற்றைம்பது வரை தாங்கும் பேடு. அதோடு விடவில்லை. தயாரிப்பாளரின் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் போட்டு, எந்த மாதிரி டிஸ்க்கில் வைத்து இதைச் சோதித்தார்கள் என்று கேட்டு வாங்கினாள். நடுவில் காற்றுப்பாதை உள்ள, முகத்தில் துளை இல்லாத சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க். பின்சக்கரங்களுக்கும் அதே வகைப் பேடும் டிஸ்க்கும்தான் வேண்டும், முன்னால் ஒரு குணம் பின்னால் ஒரு குணம் ஆகாது என்றாள். பழைய டிஸ்க்கில், தடிமன் இருபத்து மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று பொறித்திருந்தது. மைக்ரோமீட்டர் இருபத்து மூன்று புள்ளி இரண்டு காட்டியது.

"இன்னும் இருக்கேக்கா."

"எவ்வளவு இருக்குனு மட்டும் பார்த்தா போதுமா? இதுல பழைய பேடோட படிவு ஏறியிருக்கு. புதுசு இதோட ஒட்டாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும்டா. தனித்தனியா நல்லதா இருந்து என்ன பிரயோஜனம்?"

சனிக்கிழமை காலை அவள் வீட்டு ஷெட்டில் மாட்டினோம். சக்கரம் பொருந்தும் இடத்திலிருந்த துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, டிஸ்க் கோணலாகச் சுற்றுகிறதா என்று முள்மானி வைத்துப் பார்த்தாள். நான் டார்ச் பிடித்தேன். பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றினோம். மாமா டூட்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தவர், வழக்கத்துக்கு மாறாக முகத்தைத் திருப்பாமல் நின்றார். பேடு பெட்டியிலிருந்த தாளை எடுத்து வாசித்தார்.

"வேகத்த தொண்ணூறுலருந்து இருபதுக்கு இறக்கணும். பத்து தடவை. நிக்கவே கூடாதா?"

"நின்னா பேடு ஒரே இடத்துல ஒட்டி, டிஸ்க்ல தடம் விழுந்துரும். பத்து தடவையும் ஒரே சீரா பிடிக்கணும். அப்பதான் ரெண்டும் பழகும்." அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "எனக்கு அதுதான் வராது. கடைசியில என் கால் வெடுக்குனு வெட்டிரும்."

தனக்கு வராது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எனக்கு லீவு. காலையில சாவிய குடு."

ஞாயிறு காலை, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆளில்லாத நேர்சாலை. மாமா ஓட்டினார், அக்கா பக்கத்தில், நான் பின்னால். கண்ணாடியில் பின்னால் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு தொண்ணூறுக்கு ஏற்றினார். பிறகு கார் குறைய ஆரம்பித்தது. எப்போது பிரேக்கில் கால் வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வந்தது, கால் எடுத்ததும் தெரியவில்லை. என் முதுகு இருக்கையைவிட்டு நகரவே இல்லை. இரண்டு, மூன்று, நான்கு. என் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டுக்குச் சாய்ந்து, ஒரே கோட்டிலிருந்து மீண்டது. ஆறாவது தடவை கருகிய வாடை குப்பென்று ஏறியது.

"மாமா, ஏதோ எரியுது!"

"எரியணும்," என்றாள் அக்கா. அவள் சாலையைப் பார்க்கவில்லை. அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தும் முடிந்த பிறகு, சூடு ஆறும்வரை கால் மணி நேரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்ட வேண்டும். மாமா ஊருக்குள்ளேயே ஓட்டினார். முன்னால் போகும் சைக்கிள் எப்போது ஒதுங்கும், எந்த சிக்னல் எப்போது மாறும் என்று அவருக்கு முன்கூட்டியே தந்தி வந்ததுபோல இருந்தது. எங்கும் நிற்கவில்லை, எங்கும் அவசரப்படவும் இல்லை.

"நான் பண்ணியிருந்தா பத்தும் பத்து தினுசா வந்திருக்கும்," என்றாள் அக்கா, மெதுவாக.

"பஸ்ல வெட்டிப் பிடிச்சா நின்னுட்டு வர்ற எழுபது பேரும் என் வம்சத்தையே இழுப்பாங்க. உன் கார்ல திட்டுறதுக்கு ஆள் இல்ல. அதான் உனக்கு வரல."

அக்கா சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் காருக்குள் கேட்ட சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தாள். நான்கு டிஸ்க்கிலும் ஒரு திட்டுகூட இல்லாமல், சுற்றிலும் ஒரே சீராக நீலம் கலந்த சாம்பல் படலம். தன் அலுவலகத்தில் ஒரு தராசுக்குக்கூட அவள் அத்தனை நேரம் செலவழித்திருக்கமாட்டாள்.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு மாமாவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேர்ப்பாதை முடியும் இடத்துக் கம்பிவேலியருகே போய் நின்றார், நானும் கூடப் போனேன். அக்கா முதல் மூன்று சுற்று அடக்கி ஓட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினாள். ஏழாவது சுற்றில் நேர்ப்பாதையில் அவள் வந்த சத்தம் கேட்டு நான் கண்ணை மூடலாமா என்று யோசித்தேன். மாமா மூடவில்லை. அவருடைய வலது பாதம் புல்தரையை அழுத்தத் தொடங்கிய அதே கணத்தில் காரின் முகம் தாழ்ந்தது. அழுத்தம் கூடிக் கூடி, பிறகு மெல்லத் தளர்ந்தது. வெட்டு இல்லை, குலுக்கல் இல்லை. கார் வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"பரவால்ல," என்றார் மாமா, யாரிடமும் இல்லாமல். "கால் பழகியிருக்கு."

இன்னும் ஐந்து சுற்று ஓடிவிட்டு உள்ளே வந்தாள். கொதிக்கும் டிஸ்க்கை ஹேண்ட்பிரேக் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதால் நான் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்தேன். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. சுற்றுக்கு எத்தனை செகண்ட் ஆனதென்று அவள் கேட்கவில்லை. மாமா முன்சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். சக்கரக் கம்பிகளுக்கிடையே காற்று நெளிந்துகொண்டிருந்தது. கையைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார், பிறகு விலக்கினார், மறுபடியும் கிட்டே கொண்டுபோனார். உள்ளே இரும்பு ஆறும் சத்தம், டிக், டிக் என்று, எங்கள் மூவருக்கும் கேட்டது.