தணிகாசலத்தின் கர்ப்பப்பை

எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு உடம்பு சரியில்லையென்றால் டாக்டர்கள் அவள் கணவனைத்தான் பரிசோதிப்பார்கள்.

நான் செண்பகவல்லி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மாதவிடாய் தாறுமாறானது. சில மாதம் வராது. வந்தால் வாரக்கணக்கில் நிற்காது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து உச்சிவரை சூடு ஏறி, ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். தூக்கமும் போயிற்று, மூட்டுகளும் வலித்தன. அதனால் என் கணவர் தணிகாசலத்தை டாக்டர் ஞானசௌந்தரியிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, நாக்கை நீட்டச் சொன்னார்.

"தூக்கம் எப்படி?"

"படுத்ததும் தூங்கிடுவேன்."

"அப்ப அவங்க தூக்கத்துக்குக் குறைச்சல் இல்ல. வேற?"

"ஃபேனை ரொம்ப வேகமா வைக்கறா டாக்டர். எனக்குக் குளிருது."

டாக்டர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். போர்வை எழுதிக் கொடுத்தார். வயிற்றை ஸ்கேன் பண்ணச் சொன்னார். ரிப்போர்ட் வந்தது.

"கர்ப்பப்பையே இல்ல. இல்லாத இடத்துல என்ன தொந்தரவு வரப்போகுது? எல்லாம் மனசுதான்."

தணிகாசலம் நிம்மதியாக மூச்சுவிட்டார். என் மூட்டுவலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரைகளை ஒருநாள் தவறாமல் சாப்பிட்டு, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். "இப்ப உனக்குத் தேவலையா இருக்குமே" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். நான் கீழ்ப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் ரத்தம் நிற்கவேயில்லை. வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன். விளையாட்டு டீச்சர் ரஜியா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அவள் கணவர் இறந்து பல வருடமாகிறது.

"நான் எதிர்வீட்டுக்காரரைத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "அவருக்கு சுகர். அதனால நான் இனிப்பைத் தொடறதில்ல."

"எனக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, ரஜியா. பயமா இருக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "டாக்டருங்க நம்ம மூஞ்சியையா பாக்கறாங்க? சட்டையைத்தானே பாக்கறாங்க. அவர் சட்டையை நீ போட்டுட்டுப் போ."

தணிகாசலத்தின் கட்டம் போட்ட சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு போனேன்.

"வாங்க, தணிகாசலம் சார்" என்று டாக்டர் எழுந்து நின்றார். முதல்முறையாக என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். என் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சார், உங்க மனைவிக்குக் கர்ப்பப்பைல கட்டி. உடம்புல ரத்தமே இல்ல. எப்படி சார் தாங்கிக்கிட்டீங்க?"

"பழகிப்போச்சு."

"அந்தச் சூடும் மனசு இல்ல சார். மாதவிடாய் நிக்கப்போற காலத்துல உடம்பு பண்ற வேலை. மருந்து இருக்கு. முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

கட்டியை எடுத்தார்கள். ரத்தப்போக்கு நின்றது. மூன்று டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, பொறுமைசாலி என்று தணிகாசலத்தைப் பாராட்டினார்கள். நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு அசந்து தூங்கினேன்.

அந்த வாரம் தணிகாசலத்துக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கிவிட்டது. நான்தான் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் என் கைப்பையிலிருந்த சீப்பை வாங்கி, விளக்கில் காட்டிப் பார்த்து, ஓரத்திலிருந்து இரண்டு பற்களைப் பிடுங்கினார். சாயங்காலம்வரை சூடாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சீப்பை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.