டிச் பட்டன் வைத்த கோட்டு

நெவிலின் சவப்பெட்டியை அவருடைய பழைய நண்பர்கள் இருவரும் முன்னால் நின்று தூக்க வேண்டும் என்பது அவர் மனைவி மொரீனின் ஆசை. ஆனால் அவளுடைய சமையலறை மேசைக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்த டெரிக்கும் கிளைவும் அந்த நேரத்தில் ஒரு தேநீர்க் கெண்டியைக்கூடச் சேர்ந்து தூக்குவார்கள் என்று தோன்றவில்லை.

இங்கிலாந்தின் டட்லி ஊர்க் கோயிலுக்கு ஆயராக இருந்த பெண்மணி இரக்கமுள்ளவர். ஆராதனை முழுக்கப் பாமாலைகள்தான். பெட்டியை வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும் நெவிலுக்குப் பிடித்த ராக் பாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஒன்றே ஒன்று. எந்தக் குழுவின் பாட்டு என்று சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

“பிளாக் சபாத். இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?” என்றார் டெரிக். “நம்ம பக்கத்துப் பசங்க. அந்த கிட்டார்ல இரும்புப் பட்டறைச் சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துலதானே நானும் நெவிலும் வேலைக்குச் சேர்ந்தோம்?”

“சத்தம்னு நீயே ஒத்துக்கிட்ட. ரொம்ப சந்தோஷம்,” என்றார் கிளைவ். “லெட் ஜெப்பலின்தான்டா சங்கீதம். அதுல பாடறவனும் நம்ம பக்கத்து ஆளுதான்.”

“பாடறானா? வாலை மிதிச்ச பூனை மாதிரி கத்தறான்.”

“உன் ஆளுங்க வாசிச்சா லாரி சேத்துல மாட்டின மாதிரி இருக்கு.”

நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய சண்டைதான். நடுவில் நெவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். இன்று நடு நாற்காலி காலியாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, சண்டை சிரிப்பில் போய் முடியவில்லை.

“அவன் ஜீன்ஸ் கோட்டு முதுகுல என்ன இருந்துச்சு? சபாத் சின்னம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு ரெக்கார்டு கேக்க வருவான். கண்ணால பார்த்தவன் நான்.”

“எந்தக் கண்ணால? ஞாயித்துக்கிழமை கோயில் விட்டதும் என்கூட பப்புக்கு வருவான். முதுகுல ஜெப்பலின். செத்தவனை வச்சுப் பொய் சொல்லாதடா.”

“யாருடா பொய் சொல்றது?” டெரிக் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். “அவன் பாட்டைப் போட்டா என் தோள் அந்தப் பெட்டிக்குக் கீழ வராது, மொரீன். சொல்லிட்டேன்.”

“இவன் பாட்டைப் போட்டா என் தோளும் வராது.”

உண்மை மொரீனுக்குத் தெரியும். அதைச் சொன்னால், புருஷன் ஆளுக்குத் தகுந்தபடி வேஷம் போட்டவர் என்று இவர்கள் நினைக்கலாம். சொல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் இந்த வாசலோடு பிரிந்துவிடுவார்கள். ஆண்டவரே, அவர் அன்பினால் செய்ததை இவர்களும் அன்பாகவே எடுத்துக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். கோட்டோடு வந்து அதை மேசைமேல் குப்புற விரித்தாள்.

முதுகில் எந்தச் சின்னமும் இல்லை. நான்கு டிச் பட்டன்கள் மட்டும் இருந்தன.

கோட்டுப் பையிலிருந்து இரண்டு துணிச் சின்னங்களை எடுத்தாள். ஒன்றை வைத்து டிக் டிக்கென்று அழுத்தினாள். சபாத். பிய்த்தெடுத்து மற்றதை அழுத்தினாள். ஜெப்பலின்.

“வெள்ளிக்கிழமைக்கு அது. ஞாயித்துக்கிழமைக்கு இது. பட்டன் தைச்சுக் குடுத்தது நான்தான். திட்டறதா இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டுங்க.”

இருவரும் கோட்டையே பார்த்தார்கள்.

“நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா?” என்றார் டெரிக்.

“கோட்டு மேல ஸ்வெட்டர்.”

“அடப்பாவி! ஜூலை மாசம் என் பொண்ணு கல்யாணத்துல கம்பளி ஸ்வெட்டர்ல வேர்த்து விறுவிறுத்து நின்னானே! ஜுரம்னு சொன்னான்!” என்று கத்தினார் டெரிக்.

கிளைவ் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று மொரீன் பயந்தாள். சிரிக்கிறார். “களவாணிப் பய! நாப்பது வருஷம்!” டெரிக்கும் தொப்பியை மேசையில் எறிந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏம்மா இப்படிப் பண்ணான்?” என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டார் கிளைவ்.

“நமக்குப் பிடிச்சதைப் பக்கத்துல ஒருத்தன் ரசிச்சா, மனுஷனுக்கு வாரம் பூரா தெம்பா இருக்கும்னு சொல்வார்.”

கிளைவ் கோட்டை மடிக்கப்போனார். உள்துணியில், இடது பக்கம், கோணல்மாணலான சிவப்பு நூல் தையலில் சின்னதாக இன்னொன்று. எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா.

மொரீன் முகம் சிவந்தாள். “அது அவரே தைச்சது. எனக்குப் பிடிச்ச குழு. நீங்க பார்த்தா கிண்டல் பண்ணுவீங்கன்னு உள்ள வச்சுக்கிட்டார்.”

“வயலின் கோஷ்டி—” என்று டெரிக் ஆரம்பிக்க, கிளைவ் மேசைக்கடியில் அவர் காலை உதைத்தார். இத்தனை வருடத்தில் அவளுக்கு எந்தக் குழு பிடிக்கும் என்று தாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

டெரிக் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். “இதுக்கு டிச் பட்டன் இல்லையே,” என்றார் மெதுவாக. பிறகு தொலைபேசியை எடுத்து மொரீனிடம் நீட்டினார். “ஆயரம்மாவுக்குச் சொல்லிடும்மா. உன் குழுவோட பாட்டு.”

செவ்வாய்க்கிழமை கோயிலில் வயலின்கள் எழும்ப, பெட்டியும் எழும்பியது. மேலே கோட்டு. முன்னால் இரண்டு நரைத்த தலைகள். பின்னால் நடந்த மொரீனுக்கு அவர்கள் முணுமுணுப்பது நன்றாகக் கேட்டது.

“சபாத்துக்கு நடந்திருந்தா கால் தானா தாளத்துக்கு வந்திருக்கும்.”

“பேசாம நடடா. வெள்ளிக்கிழமை வீட்டுல இருப்பியா?”

“எதுக்கு?”

“நான் வரேன். உன் லாரிச் சத்தத்தை ஒருதரம் ஒழுங்காக் கேட்டுப் பாக்கறேன்.”

மொரீன் பாட்டோடு சேர்ந்து மெல்ல முனகிக்கொண்டே வெளியே வெயிலுக்கு வந்தாள்.